கம்பிகளின் சந்தை - 9: உள்ளே ஒட்டிய காகிதம்

2011 ஜூனில் ஒரு வயலின் 98 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. கிரெமோனாவில் 1721-ல் அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த 'லேடி பிளண்ட்' அது. ஏலம் முழுக்க இணையத்தில், டாரிசியோ நிறுவனத்தின் வழியாக நடந்தது. விற்றது ஜப்பானின் நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன். கிடைத்த பணத்தை அப்படியே அந்த ஆண்டு பூகம்ப, சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். இதே வயலின் 1971-ல் லண்டன் ஏலத்தில் போன விலை 84,000 பவுண்டு.

அதே ஸ்ட்ராடிவாரி பெயர் அச்சிட்ட லேபிளோடு, சில நூறு டாலருக்கு இணையத்தில் வயலின்கள் தினமும் ஏலத்துக்கு வருகின்றன. 'தாத்தா காலத்து வயலின், உள்ளே 1721 என்று போட்டிருக்கிறது' என்று விற்பவர் எழுதியிருப்பார். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. லேபிள் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் வட்டாரத்திலும் பிரான்ஸின் மிர்குரிலும் வயலின் செய்வது பெரும் தொழில். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடல், வேறொரு வீட்டில் வார்னிஷ் என்று பிரித்துச் செய்து, கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். எந்த மேதையின் அளவைப் பார்த்துச் செய்தார்களோ அவர் பெயரை உள்ளே ஒட்டினார்கள். வாங்கியவருக்கும் அது தெரியும். பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அந்தக் காகிதம் புதையலாகத் தெரிய ஆரம்பித்தது. 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் ஸ்ட்ராடிவாரி பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஜெர்மனி' என்று இருந்தால், அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

அப்படியானால் லேடி பிளண்டுக்கு அவ்வளவு பணம் கொடுத்தவர் எதை நம்பிக் கொடுத்தார்? அதன் வரலாற்றை. பாரிஸில் வயலின் செய்த மேதை வியோம் கைக்கு அது வந்த 1860-கள் தொடங்கி, யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற கதை அறுபடாமல் கிடைக்கிறது. கவிஞர் பைரனின் பேத்தி ஆன் பிளண்ட் 30 ஆண்டுகள் வைத்திருந்தார். அதிகம் வாசிக்கப்படாததால் வார்னிஷ்கூடத் தேயவில்லை.

அந்த வியோம் நகல் செய்வதிலும் நிகரற்றவர். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 'மெசையா' என்ற 1716-ம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியும் அவர் கையில் இருந்ததுதான். அதுவே அவர் செய்த நகலோ என்று 1990-களின் கடைசியில் சந்தேகம் கிளம்பியது. மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஆண்டு வளையங்களை எண்ணி, ஆல்ப்ஸ் மலை மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட்டார்கள். கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது. ஸ்ட்ராடிவாரி காலத்தோடு அது பொருந்தியது. இந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். யார் இழைத்தார் என்று சொல்லாது. ஆனாலும் 1721 லேபிள் ஒட்டிய வயலினின் மேல்பலகையில் 1840-ன் வளையம் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

படத்தை மட்டும் பார்த்து ஏலம் கேட்பவர் பின்பலகையை விட்டுவிடக் கூடாது. வயலின் உள்ளே மேலுக்கும் கீழுக்கும் நடுவே சின்னக் குச்சி ஒன்று நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். அது ஊன்றிய இடத்தில் பின்பலகை விரிசல் விட்டிருந்தால், எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போகும். பளபளக்கும் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்த விரிசல் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வயலினை விட்டுவிடுங்கள்.

ஏலக் குறிப்பை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். நல்ல நிறுவனம் 'இன்னார் செய்தது' என்று எழுதினால், அதற்குத் தான் பொறுப்பேற்கிறது. 'இன்னார் லேபிள் உள்ளது' என்று எழுதினால், காகிதம் ஒட்டியிருக்கிறது என்பதைத் தவிர எதற்கும் பொறுப்பேற்கவில்லை. ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கொடுக்க வேண்டிய கமிஷன் பெரும்பாலும் 20 சதவீதமோ அதைவிடக் கூடவோ இருக்கும். சுங்க வரி தனி.

சான்றிதழ் இருந்தால் போதுமா? எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது அது. உலகமே நம்பிய வியாபாரி டீட்மர் மகோல்ட், சில ஆயிரம் யூரோ பெறும் வயலின்களை ஸ்ட்ராடிவாரி என்று சொல்லி வங்கியில் ஈடு வைத்தார். 2012-ல் வியன்னா நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டு சிறை விதித்தது. விற்பவரே எழுதிய சான்றிதழை நான் சான்றிதழாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்த வியாபாரத்தில் பங்கில்லாத இன்னொரு நிபுணரின் கையெழுத்து வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வயலின் இருந்தால் ஒரு வேண்டுகோள். லேபிளைப் பிரித்தெடுக்காதீர்கள், புது வார்னிஷ் பூசாதீர்கள். வயலின் செய்யத் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

(தொடரும்)