டிரம்ஸ் வாசித்தது யார்? செஷன் டிரம்மர்களின் வேலை, சம்பளம், உரிமை: ஒரு முழு விளக்கம்

இரவு 9 மணி. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். "ப்ரோ, நாளைக்கு காலைல 10 மணிக்கு ஒரு செஷன் இருக்கு. ஃப்ரீயா?"

என்ன படம் என்று இல்லை. என்ன பாட்டு என்று இல்லை. எவ்வளவு தருவார்கள் என்றும் இல்லை. ஆனாலும் ஃப்ரீலான்ஸ் டிரம்மர் பெரும்பாலும் "ஃப்ரீதான் ப்ரோ" என்றே பதில் போடுவார். கொஞ்சம் யோசித்தால்கூட அடுத்த மெசேஜ் வேறொருவருக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பாட்டு உங்கள் இயர்போனில் ஓடும். மெட்ரோவில் நின்றபடியே உங்கள் கால் தானாகத் தாளம் போடும். பாடியவர், இசையமைத்தவர், பாட்டு எழுதியவர் பெயரெல்லாம் ஆப்பில் இருக்கும். உங்கள் காலை ஆட்ட வைத்தவரின் பெயர்?

'பெயர் போட்டா என்ன, போடலைன்னா என்ன, காசு வந்தா சரி' என்று தோன்றலாம். ஆனால் செஷன் கலைஞர்களைப் பொறுத்தவரை, பெயருக்கும் காசுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

செஷன் டிரம்மர் என்றால் யார்?

ஒரு இசைக்குழுவின் நிரந்தர உறுப்பினர் அல்ல. ஒரு பாடலுக்கோ, பின்னணி இசைக்கோ, விளம்பர ஜிங்கிளுக்கோ கூப்பிட்டால் போய் வாசித்துவிட்டு வருபவர். இன்று காலை மெலடி, மதியம் குத்துப்பாட்டு, நாளை ஒரு பக்தி ஆல்பம். இசை யாருடையது என்பது மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் மாற மாட்டார்.

மேடையில் டிரம்ஸ் வாசிப்பதும் செஷனில் வாசிப்பதும் ஒன்றல்ல. மேடையில் சின்னத் தவறு கூட்டத்தின் சத்தத்தில் கரைந்துவிடும். ஸ்டூடியோவில் அது அப்படியே பதிவாகிவிடும். அதனால் செஷன் டிரம்மரிடம் எதிர்பார்க்கப்படுவது வேகமோ வித்தையோ அல்ல. பாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாசிப்பதுதான்.

ஸ்டூடியோவுக்குள் என்ன நடக்கும்?

முதலில் மைக் வைப்பார்கள். கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, ஹை-ஹேட், டாம்களுக்குத் தனித்தனி, தலைக்கு மேலே சிம்பல்களுக்காக இரண்டு என எட்டு, பத்து மைக் சாதாரணமாக வந்துவிடும். இதைச் சரிசெய்யவே கணிசமான நேரம் ஆகும். அடுத்து ஹெட்போனில் 'கிளிக்' ஓடும். 'டிக் டிக்' என்று சீராக அடிக்கும் மெட்ரோனோம் சத்தம்தான் அது. பாட்டில் உள்ள மற்ற கருவிகள் எல்லாம் அந்த கிளிக்கை வைத்துத்தான் பதிவாகியிருக்கும். கிளிக்கைவிடக் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பாட்டின் உணர்வே மாறிவிடும்.

பாட்டைக் கேட்க ஓரிரு வாய்ப்பு. சில இடங்களில் நோட்டேஷன் இருக்கும். பல இடங்களில் இசையமைப்பாளர் வாயாலேயே "டும் டக டும் டும் டக" என்று சொல்லிக் காட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். நடுவில் இரண்டு வரி மட்டும் சரியில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் 'பஞ்ச்-இன்' செய்து திரும்ப வாசிப்பார்கள். முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். ஃபைனல் மிக்ஸில் அந்த வாசிப்பு இருக்குமா, வேறு சத்தத்தை மேலே ஏற்றிவிடுவார்களா என்பது படம் வரும்போதுதான் தெரியும்.

கோடம்பாக்கத்தில் முன்பு எப்படி இருந்தது?

ஒரு காலத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, பாடகரோடு சேர்த்தே பாட்டைப் பதிவுசெய்தது. இளையராஜாவின் குழுவில் நீண்டகாலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் போன்றவர்கள் அந்தக் காலத்தில் உருவானவர்கள். சினிமா இசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சங்கம் இருந்ததால், சம்பளப் பேச்சு தனி ஒருவரின் தலையில் விழவில்லை.

பிறகு தொழில்நுட்பம் மாறியது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினி சீக்வென்சரின் சத்தத்தைக் கேட்டோம். 1992-ல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் அறிமுகமானபோது, வீட்டை ஒட்டிய ஸ்டூடியோவில் ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிவுசெய்து அடுக்கும் முறை பிரபலமானது. நாற்பது பேர் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில், ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. ரஹ்மானின் ஆல்பங்களில் கேசட், சிடி அட்டையில் வாத்தியக் கலைஞர்களின் பெயரும் அச்சானது. கித்தார் யார், புல்லாங்குழல் யார், தாளக் கருவிகள் யார் என்று அட்டையைத் திருப்பிப் படித்தே பலரைத் தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது.

ஸ்ட்ரீமிங் வந்ததும் அந்த அட்டை போய்விட்டது. இப்போது ஆப்பில் யார் பெயர் வர வேண்டும் என்பது, பாட்டை அப்லோடு செய்யும் நிறுவனம் கொடுக்கும் தகவலைப் பொறுத்தது. அங்கே டிரம்மர் பெயரை நிரப்பவில்லை என்றால், கேட்பவருக்கு அவர் இல்லவே இல்லை.

வீட்டிலிருந்தே வாசிக்கலாமா?

வாசிக்கலாம். இப்போது பலரும் செய்வது இதைத்தான். இசையமைப்பாளர் டிராக்கை மெயிலில் அனுப்புவார். டிரம்மர் தன் அறையிலேயே பதிவுசெய்து, ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் தனித்தனி ஃபைலாகத் திருப்பி அனுப்புவார். ஃபைவர், சவுண்ட்பெட்டர் போன்ற தளங்கள் மூலம் வெளிநாட்டு வேலையும் கிடைக்கும்.

ஆனால் செலவு டிரம்மரின் தலையில். மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், சத்தம் வெளியே போகாத அறை. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரும்பாடு. போட்டியும் பக்கத்துத் தெருவோடு நிற்பதில்லை; உலகம் முழுக்க இருக்கிறது. நிஜ டிரம்ஸின் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கும் மென்பொருளும் ஒரு போட்டியாளர்தான்.

சம்பளம் எப்படி?

எல்லோருக்கும் பொதுவான ஒரே ரேட் கிடையாது. படத்தின் பட்ஜெட், டிரம்மரின் அனுபவம், அழைப்பவரோடு உள்ள பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். சிலர் கால்ஷீட் கணக்கில் வாங்குவார்கள், சிலர் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள்.

ஒரு கணக்குக்காக, மாதம் 8 செஷன், செஷனுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000. எல்லோரும் 10% டிடிஎஸ் பிடித்தால் 4,000 போகும். டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போய்வர வண்டிச் செலவு ஒரு செஷனுக்கு 800 என்றால் 6,400. ஸ்டிக், ஸ்கின் மாற்ற 3,000. பயிற்சி அறை வாடகை 5,000. கையில் நிற்பது 21,600. இதில் இரண்டு பேர் "அடுத்த மாசம் போட்டு விடறேன் ப்ரோ" என்று சொன்னால், அந்த மாதம் 12,600 ரூபாய்தான்.

பிடித்த டிடிஎஸ் தொலைந்துபோன பணம் அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். 'நமக்கு வருமானம் கம்மிதானே' என்று தாக்கல் செய்யாமல் விடுவதால், உரிமையுள்ள பணத்தையே சிலர் கோட்டை விடுகிறார்கள்.

செஷன் மட்டும் நம்பி இருக்க முடியாததால் கல்யாண ரிசப்ஷன், கோயில் கச்சேரி, காலேஜ் கல்ச்சுரல்ஸ், டிரம்ஸ் வகுப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு வருட வருமானம். ஆடியில் கல்யாணம் இருக்காது. அம்மன் கோயில் கச்சேரி இருக்கும். ஒன்று அடங்கும்போது இன்னொன்று கைகொடுக்க வேண்டும்.

பாட்டு ஹிட் ஆனால் ராயல்டி வருமா?

இங்கேதான் பெயர் விவகாரம் வருகிறது.

2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டி பற்றித்தான் அப்போது அதிகம் பேசப்பட்டது. ஆனால் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் அதில் இடம் உண்டு. சட்டத்தின்படி 'நிகழ்த்துக் கலைஞர்' என்பதில் நடிகர், பாடகர் போலவே வாத்தியக் கலைஞரும் அடக்கம். தன் வாசிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்துபூர்வமாகச் சம்மதித்த பிறகும், அது வணிகரீதியாகப் பயன்படுத்தப்படும்போது ராயல்டி பெறும் உரிமை அவருக்கு உண்டு. இந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒரு படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, துறையின் வழக்கப்படி டைட்டில் உள்பட எங்குமே அவர் பெயர் குறிப்பிடப்படவில்லை என்றால், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் 'நிகழ்த்துக் கலைஞர்' என்றே கருதப்பட மாட்டார்.

ஒரு பாட்டு முழுக்க டிரம்ஸ் வாசித்தவரை 'தற்செயலான பங்களிப்பு' என்று சொல்ல முடியாது என வாதாடலாம். ஆனால் பெயரே எங்கும் இல்லாதபோது, வாசித்தது நீங்கள்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமே! பெயர் இருந்தால் அந்த வாதத்துக்கே அவசியம் இல்லை.

நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கும் இருக்கிறது. 'ஆர்யன்' என்ற இந்திப் படத்தில் தான் முதன்மைப் பாடகியாகப் பாடிய பாட்டில் தன்னைப் பின்னணிக் குரலாகக் காட்டியதாகப் பாடகி நேஹா பாசின் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றார். 2006-ல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அவர் பக்கம் நின்றது. ஸ்டூடியோவுக்குள் பாடுவதும் சட்டத்தின் பார்வையில் 'நேரடி நிகழ்ச்சி'தான் என்றது. பார்வையாளர் இல்லாத அறையில் வாசிக்கும் எல்லோருக்கும் இது முக்கியமான வரி.

ராயல்டியைத் தனி ஆளாகத் துரத்த முடியாது. அதற்காகத்தான் காப்புரிமைச் சங்கங்கள். பாடகர்களுக்காக 'இஸ்ரா' என்ற பெயரில் தொடங்கிய சங்கம், வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இப்போது 'இசாம்ரா' என்று செயல்படுகிறது.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவிலிருந்து இரண்டு உதாரணங்கள். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. 1970-ல் வெளியான அந்தப் பாட்டின் டிரம்ஸ் பகுதியை வெட்டியெடுத்து ஏராளமான ஹிப்-ஹாப் பாடல்கள் உருவாயின. பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லாததால் ராயல்டியும் இல்லை. 2017-ல் அவர் இறந்தார்.

இன்னொருவர் கிரெகரி கோல்மன். 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 1969 பாட்டான 'ஆமென், பிரதர்' நடுவில் சில விநாடிகளுக்கு டிரம்ஸ் மட்டும் வரும். 'ஆமென் பிரேக்' என்று அழைக்கப்படும் அந்தச் சில விநாடிகள் ஆயிரக்கணக்கான பாடல்களில் பயன்பட்டன. கோல்மனுக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை. 2006-ல் வீடில்லாத நிலையில் அவர் இறந்தார்.

உடம்பு என்ன ஆகும்?

டிரம்ஸ் வாசிப்பவருக்கு மிக அருகில் சத்தம் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான 'நியாஷ்' பரிந்துரைக்கும் அளவு. கிளிக்கை டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்க ஹெட்போன் வால்யூமையும் ஏற்றினால் ஆபத்து இரட்டிப்பு. வெளிச்சத்தம் புகாத ஹெட்போன், பயிற்சியின்போது இயர்பிளக் இரண்டும் ஆடம்பரம் அல்ல. மணிக்கட்டும் முதுகும் அப்படித்தான். வலித்தால் விடுப்பு கிடையாது, அன்றைய சம்பளமும் கிடையாது.

"ஃப்ரீதான் ப்ரோ" சொல்வதற்கு முன்...

* தொகை எவ்வளவு, எப்போது தருவார்கள் என்று வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். நேரில் பேசியதையும் "பேசினபடி இவ்வளவு" என்று ஒரு மெசேஜாகப் போட்டு வையுங்கள். அது ஆதாரம்.
* எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று கேளுங்கள். ஒரு பாட்டுக்கு மட்டுமா, சாம்பிளாக வெட்டி வேறு பாட்டுகளிலும் போடுவார்களா?
* எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.
* கையெழுத்துப் போடும் தாளைப் படியுங்கள். 'எல்லா உரிமையும்' என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள்.
* படத்தின் டைட்டிலிலும் ஆப்பிலும் 'டிரம்ஸ்' என்று போட்டு உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலையும் நீங்களே அனுப்புங்கள்.
* தேதி, ஸ்டூடியோ, பாட்டு என்று ஒவ்வொரு செஷனையும் போனில் குறித்து வையுங்கள்.

'இதெல்லாம் கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களே?' என்ற பயம் நியாயமானதுதான். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதல் நாளே கேட்க முடியாது. ஆனால் கடைசி இரண்டையும் செய்ய யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. பெயரைச் சேர்க்க இசையமைப்பாளருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கேட்பவர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கால் தானாகத் தாளம் போட்டால், அந்தப் பாட்டின் கிரெடிட்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரம்மர் பெயர் இல்லையா? கமென்ட்டில் கேளுங்கள்: "டிரம்ஸ் வாசிச்சது யாரு?"