மூலையில் ஒரு நாற்காலி!

அரசாங்க வேலைவாய்ப்பு ஆபீஸ். டெலிபோன் அடிக்கிறது. மறுமுனையில் ஒரு துணி தைக்கும் கம்பெனி. ஆள் வேண்டுமாம். போனை எடுத்த ஊழியர் விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொள்கிறார். அந்தச் சீட்டைப் பொது ஃபைலில் போடவேண்டும் என்பது ரூல். போட்டால்தான் மற்ற ஊழியர்களும், தங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் வேலையில்லாத ஆசாமிக்கு அது சரிப்படுமா என்று பார்க்கமுடியும்.

நம்ம ஆள் போடவில்லை. தன் மேஜையிலேயே பத்திரமாக வைத்துக்கொள்கிறார்.

மச்சானுக்காகவா? கையில் ஏதாவது வாங்கிவிட்டாரா? இரண்டும் இல்லை சார். மேலதிகாரியிடம் போகும் மாசாந்திர ஸ்டேட்மென்ட்டுக்காக!

இது நடந்தது 1940-களின் கடைசியில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு பெரிய நகரத்தில். விஷயம் வெளியே வந்தது எப்படி? ஆபீஸ் மூலையில் உட்கார்ந்துகொண்டு, நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். பீட்டர் ப்ளாவ் என்று பெயர். வியன்னாவில் பிறந்த யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி, 1939-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு அரசாங்க ஆபீஸ்கள். ஆராய்ச்சி 1955-ல் புத்தகமாக வந்தது. நம்மூர் ஹெட்கிளார்க் யாராவது அதைப் படித்தால், "இந்த ஆள் எப்ப நம்ம செக்‌ஷனுக்கு வந்தான்?" என்று கேட்பார்.

இப்படி ஒரே ஒரு ஆபீஸையோ, ஒரே ஒரு வகுப்பறையையோ எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கிட்டே இருந்து பார்த்து, பேசி, எழுதுவதற்குப் பெயர்தான் 'கேஸ் ஸ்டடி'. புள்ளிவிவரம், கிராஃப், சதவீதம் எல்லாம் இதில் ஓரமாகத்தான் வரும். யார் எங்கே உட்காருகிறார், யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார், எதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார் என்பதுதான் சரக்கு.

சீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் அந்த ஆபீஸில், ஒரு ஊழியர் எத்தனை பேரை இன்டர்வியூ செய்தார் என்று மட்டும்தான் எண்ணினார்கள். எண்ணுவதைத்தானே செய்வார்கள்? மளமளவென்று ஆளைக் கூப்பிடு, பேசு, அனுப்பு. வேலை கிடைத்ததா? அது அவனவன் பாடு! மேலிடம் முழித்துக்கொண்டது. புதுக் கணக்கு வந்தது: எத்தனை பேரை வேலைக்கு அனுப்பினீர், அனுப்பியதில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, இன்டர்வியூவுக்கு இத்தனை என்று விகிதம் என்ன... எல்லாம் ஆள்வாரியாக, பெயர் போட்டு.

நான் பி.காம். கணக்கு எழுதுவது நல்லது என்ற கட்சிதான். புதுக் கணக்கால் வேலை வேகமெடுத்தது என்பதும் உண்மை. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. சீட்டுகள் ஒளிய ஆரம்பித்தன. அதைவிட அழகு இது: 'சீசன் டல், கொஞ்ச நாள் கழித்து வா' என்று கம்பெனி தாற்காலிகமாக நிறுத்திவைத்த தொழிலாளி, எப்படியும் அதே வேலைக்குத் திரும்பப் போகிறவர், இந்த ஆபீஸுக்கு வருவார். அவரை அவருடைய பழைய கம்பெனிக்கே 'வேலைக்கு' அனுப்பிவிட்டு, கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்வார்கள்! ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆடிட்டர் வந்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. மூலையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரிந்தது.

ப்ளாவ் அதோடு விடவில்லை. அந்த ஆபீஸில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செக்‌ஷன்கள் இருந்தன. ஒன்றில் மேற்பார்வையாளர் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார். அங்கே போட்டி, பதுக்கல். அதில் அதிகமாகப் பதுக்கியவர்தான் தனிப்பட்ட முறையில் அதிகம் சாதித்தார். இன்னொரு செக்‌ஷனில் மேற்பார்வையாளர் எண்களை அவ்வளவாக லட்சியம் செய்யவில்லை. ஊழியர்களும் ஒரே சமயத்தில் சேர்ந்து, ஒரே மாதிரி பயிற்சி பெற்றவர்கள். சீட்டு வந்தால், "இந்தாப்பா, உன் ஆளுக்குச் சரியா வரும்போலிருக்கு" என்று கைமாறிவிடும். மொத்தத்தில் வேலை அதிகம் வாங்கிக் கொடுத்தது இந்த இரண்டாவது செக்‌ஷன்தான். முதல் செக்‌ஷனின் சூரர்கள் தங்கள் கணக்கை ஏற்றிக்கொண்டார்கள். செக்‌ஷனின் கணக்கு இறங்கியது. எதிர் நாற்காலியில் காத்திருந்த தையல்காரருக்குத் தன் வேலை அடுத்த மேஜைக்குள் தூங்குகிறது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

ப்ளாவ் பார்த்த இரண்டாவது ஆபீஸ், கம்பெனிகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று சோதிக்கும் மத்திய அரசு இலாகா. அங்கே யாராவது லஞ்சம் கொடுக்க வந்தால் உடனே மேலிடத்துக்கு ரிப்போர்ட் செய்யவேண்டும். இன்ஸ்பெக்டர்கள் லஞ்சம் வாங்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டும் செய்யவில்லை! ஏன்? நீட்டிய பணத்தை மறுத்துவிட்டு சும்மா இருந்தால், அந்த முதலாளி அப்புறம் இவரிடம் பெட்டிப்பாம்பாக இருப்பார். வேலை சுலபமாக முடியும். ரிப்போர்ட் செய்கிறவனை மற்ற இன்ஸ்பெக்டர்கள் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். கேள்வித்தாள் அனுப்பி, 'லஞ்ச முயற்சியை ரிப்போர்ட் செய்வீரா? ஆம் / இல்லை' என்று டிக் அடிக்கச் சொன்னால் இது வருமா? நூற்றுக்கு நூறு 'ஆம்' வந்திருக்கும்.

லஞ்சம் என்றதும் நம் நாட்டுக்கு வராமல் முடியாது. மானிடவியல்காரர் அகில் குப்தா, 1980-களில் உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், நில ரிகார்டு பார்க்கும் அதிகாரி ஒருவரின் ஆபீஸில் இப்படி உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் என்றால் அதிகாரியின் வீட்டுக் கீழ்த்தளம்தான். அங்கே பட்டாவில் பெயர் சேர்க்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். 'கொடுக்கவேண்டும்' என்று தெரியும். எவ்வளவு, எப்போது, எந்த வார்த்தை சொல்லி என்று தெரியாது. அவர்கள் நீட்டியதைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்குச் சிரிப்பு. குப்தா அந்தச் சிரிப்பை எழுதிவைத்தார். லஞ்சம் என்பது வெறும் பணம் இல்லை, அதற்கும் ஒரு பழக்கம், பாஷை, நடைமுறை உண்டு. அது தெரியாத ஏழை இரண்டு தடவை அவமானப்படுகிறான் என்பது அந்த ஒரு சிரிப்பிலிருந்து அவருக்குக் கிடைத்தது. எத்தனை கோடி லஞ்சம் புரளுகிறது என்கிற புள்ளிவிவரத்தில் இது வராது.

"அது சரி, ஒரு ஆபீஸைப் பார்த்துவிட்டு எல்லா ஆபீஸைப் பற்றியும் எப்படிப் பேசலாம்?"

நியாயமான கேள்வி. உடனே, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று பதில் சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பழமொழி இங்கே செல்லாது. ஒரு சோறு பதம் சொல்வது, அது அதே பானையில், அதே தண்ணீரில், அதே தீயில் வெந்ததால்தான். ஒவ்வொரு ஆபீஸும் வேறு பானை. நியூயார்க் பானையில் ஒரு பருக்கை எடுத்துவிட்டு நுங்கம்பாக்கம் சாதம் வெந்துவிட்டது என்று சொல்லமுடியாது.

கேஸ் ஸ்டடிக்காரர் சொல்வது வேறு. 'எல்லா ஆபீஸிலும் சீட்டை ஒளிக்கிறார்கள்' என்று ப்ளாவ் சொல்லவில்லை. எந்த விதமாகக் கணக்கு எடுத்தால், எந்த விதமான மேற்பார்வையில், எந்த வழியாக ஒருவருக்குப் பதுக்கும் புத்தி வருகிறது என்று காட்டினார். அதாவது பருக்கையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தார். அந்த அடுப்பு உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று நீங்கள்தான் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆபீஸில் இப்படி என்று தெரியவேண்டுமா? அதற்கு சர்வே எடுக்கத்தான் வேண்டும். இரண்டும் சக்களத்திகள் என்று நினைத்துக்கொண்டு பல்கலைக்கழகங்களில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது அவர்கள் பொழுதுபோக்கு.

"மூலையில் ஒருத்தன் உட்கார்ந்து எழுதினால் எல்லாரும் நல்ல பிள்ளையாகத்தானே நடப்பார்கள்?" நடப்பார்கள். மூன்று நாள், நாலு நாள். அப்புறம் வேலை அழுத்தும், கோபம் வரும், டீ வரும், அரட்டை வரும். கல்யாண வீட்டில் வீடியோ கேமராவைப் பார்த்து முதல் அரை மணி நேரம்தானே விறைப்பாக இருக்கிறோம்? அதனால்தான் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு, ஃபைலைப் பார்த்து, நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் இதில் அடக்கம். பாங்கு ரிகன்சிலியேஷன் மாதிரிதான். இதைச் செய்யாமல் நாலு பேரிடம் பேட்டி எடுத்துவிட்டு 'கேஸ் ஸ்டடி' என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் பட்டதாரி ப்ராஜெக்டுகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நோட்டுதான் இவர்களுக்கு முதல். எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1948-ல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய குறிப்புகளை, சீராக்கி, பிரதி எடுத்து வைத்திருந்தார். 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆராய்ச்சி மையத்துக்கு யாரோ தீவைத்ததில் அத்தனை பிரதியும் சாம்பல். ஞாபகத்திலிருந்தே எழுதி 1976-ல் புத்தகம் போட்டார். எல்லாருக்கும் அந்த ஞாபகசக்தி வாய்க்காது.

ஆபீஸில் பதுக்கினால் ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்தில்?

1967. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பகுதியில் ஒரு பள்ளி. பிள்ளைகள் எல்லாரும் கறுப்பர்கள், டீச்சரும் கறுப்பர்தான். அதனால் 'வெள்ளைக்கார டீச்சர் ஓரவஞ்சனை' என்று சுலபமாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரியான கிண்டர்கார்ட்டன் வகுப்பில் ரே ரிஸ்ட் என்கிற ஆராய்ச்சியாளர் வாரம் இரண்டு தடவை போய் உட்கார்ந்தார்.

பள்ளி திறந்து எட்டாவது நாள். எண்பதாவது இல்லை, எட்டாவது. டீச்சர் பிள்ளைகளை மூன்று மேஜைகளுக்குப் பிரித்து நிரந்தர இடம் கொடுத்துவிட்டார். அதுவரை எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. அவர் கையில் இருந்த தகவல் இவ்வளவுதான்: எந்தக் குடும்பம் அரசாங்க உதவியில் இருக்கிறது, தாய்மார்களிடம் சமூக நலப் பணியாளர் பேசி எழுதிக்கொண்டது, அண்ணன் அக்காக்கள் இதே பள்ளியில் எப்படி என்று மற்ற டீச்சர்கள் சொன்னது. முதல் மேஜையில் சுத்தமான சட்டை, வாரிய தலை, திருத்தமான இங்கிலீஷ். மற்ற மேஜைகளில் பழைய துணி, மூத்திர வாடை, சேரி பாஷை. தோல் நிறம்கூட மேஜைக்கு மேஜை அடர்த்தியாகிக்கொண்டே போனதை ரிஸ்ட் கவனித்து எழுதினார்.

முதல் மேஜை டீச்சருக்குப் பக்கத்தில். டீச்சர் பேசுவது அவர்களோடு. கேள்வி அவர்களுக்கு. கொடி வணக்கத்துக்கு முன்னே நிற்பது அவர்கள். பின்மேஜைகளில் கரும்பலகையில் எழுதுவது சரியாகத் தெரியாது, சொல்வதும் சரியாகக் கேட்காது. சில மாதங்களில் முதல் மேஜைப் பிள்ளைகள் மற்றவர்களை 'முட்டாள்' என்று கேலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; பார்த்துப் படித்தது.

ரிஸ்ட் அந்தப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். அங்கேதான் விபரீதம். ஒன்றாம் வகுப்பு டீச்சர், கிண்டர்கார்ட்டனில் யார் எவ்வளவு பாடம் முடித்தார்கள் என்று பார்த்து உட்காரவைத்தார். பின்மேஜைக்குப் பாடமே நடக்காததால் முடித்தது குறைவு. இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் மார்க்கே இருந்தது. அதைப் பார்த்து அவர் மூன்று குழுவாகப் பிரித்துப் பெயர் வைத்தார்: 'புலிகள்', 'கார்டினல்கள்' (அது ஒரு பறவை), மூன்றாவதற்கு 'கோமாளிகள்'. நான் வைத்த பெயர் இல்லை சாமி, டீச்சர் வைத்தது! எட்டாவது நாள் சட்டையைப் பார்த்துப் போட்ட மேஜை, இப்போது மார்க்கை ஆதாரமாகக் காட்டியது. அந்த மார்க்கை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறவருக்கு, 'ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை' என்றுதான் விடை வரும்.

1970-ல் கட்டுரை வெளியானது. கல்வியைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடி எடுக்கிறார்கள். டீச்சரை ராட்சசி ஆக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. முப்பது பிள்ளை, ஒரு அறை, எல்லாருக்கும் சொல்லித்தர நேரமில்லை. 'தேறும்' என்று பட்டவர்களிடம் நேரத்தைச் செலவிட்டார். நம்மில் பலரும் அப்படி ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து வந்தவர்கள்தான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. பின்மேஜைப் பிள்ளை சொல் காதில் விழாமல் முழிப்பதை மூலையில் இருந்து பார்த்தவர், எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? சொன்னால், பார்க்க வந்த வகுப்பே மாறிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை போகிறது. இதற்கு ஆராய்ச்சிப் புத்தகங்களில் 'நெறிமுறை' என்று ஓர் அத்தியாயமே உண்டு. படித்தேன், சமாதானம் ஆகவில்லை.

இன்னொரு நெறிமுறை, நிஜப் பெயரைப் போடக்கூடாது என்பது. ரிஸ்ட்டும் போடவில்லை. பள்ளிக்கும் டீச்சருக்கும் வேறு பெயர். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். எட்டாவது நாள் தங்களுக்கு என்ன நடந்தது என்று அச்சில் இருப்பது, அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா?