சாலைச் சந்திப்பில் அறுபடாத மிதிவண்டித் தடம்

ஒரு நகரத்தில் எத்தனை கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டித் தடம் போடப்பட்டிருக்கிறது என்ற கணக்கைக் கொண்டு, அந்நகர மக்கள் அன்றாடம் மிதிவண்டியில் போய்வருவார்களா என்பதை முடிவுசெய்ய இயலாது. வீட்டு வாசலில் வண்டியேறிய ஒருவர் பள்ளிக்கோ சந்தைக்கோ ரயில் நிலையத்துக்கோ போய்ச் சேரும்வரை, இடையில் எங்கும் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே தனித்து விடப்படாமல் செல்ல முடிகிறதா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இந்தத் தொடர்ச்சி பெரும்பாலும் அறுபடும் இடம் சாலைச் சந்திப்பு. நேர்ச்சாலையின் ஓரத்தில் தடம் அமைப்பது எளிது. ஆனால் வண்டிகள் திரும்பும் இடத்தில் இடப்பங்கீடு, சிக்னல் நேரம், வேகம் ஆகிய மூன்றையும் மாற்றியமைக்க வேண்டியிருப்பதால், பல நகரங்கள் சந்திப்புக்குச் சற்று முன்னதாகவே தடத்தை முடித்துவிடுகின்றன. கடைமடைக்கு முன்பே தூர்ந்துபோன வாய்க்காலைப் போல, அத்தகைய தடம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சேர வேண்டிய இடத்துக்கு யாரையும் சேர்ப்பதில்லை.

மிதிவண்டி ஓட்டாதவர்களுக்கு அதில் விருப்பம் இல்லை என்று கொள்வது தவறு என்பதை, அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநகராட்சியில் மிதிவண்டித் திட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த ரோஜர் கெல்லர் 2006இல் முன்வைத்த பகுப்பு தெளிவாகக் காட்டியது. எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தால் ஓட்டுபவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். எந்நிலையிலும் ஓட்ட விரும்பாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதமுள்ள ஏறத்தாழ 60 சதவீதத்தினர் ஓட்ட விரும்பியும் மோட்டார் வாகனங்களுக்கு அஞ்சி ஒதுங்கியிருப்பவர்கள் என்பது அவரது மதிப்பீடு. எண்கள் ஊருக்கு ஊர் மாறலாம். எனினும், சாலையை யாருக்காக வடிவமைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் துணிச்சல்காரருக்காக அன்றி, அஞ்சி ஒதுங்கி நிற்கும் பெரும்பான்மைக்காக என்ற விடையை இந்தப் பகுப்பு பொறியாளர்கள் முன் வைத்தது.

இந்த விடையை நெதர்லாந்து மிகுந்த துயரத்தின் வழியாகவே வந்தடைந்தது. அந்நாட்டினர் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள் என்பது பரவலான நம்பிக்கை. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வளர்ச்சிக் காலத்தில் அங்கும் கார்கள் பெருகின, மிதிவண்டிப் பயணங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன, நகரங்களின் பழைய தெருக்கள் கார்களுக்காக அகலப்படுத்தப்பட்டன. அமெரிக்கத் திட்டமிடுநர் டேவிட் யோக்கினென் 1967இல் வெளியிட்ட திட்டமொன்று, ஆம்ஸ்டர்டாமின் பழைய குடியிருப்புகளை இடித்து நகர மையம்வரை விரைவுச்சாலை அமைக்க வேண்டும் என்றே கூறியது. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் தம் மகளை இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பொருள் தரும் தலைப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. பெற்றோர் தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியின்போது, எரிபொருளைச் சேமிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடைசெய்தபோது, வண்டிகளற்ற சாலை எப்படியிருக்கும் என்பதை நாடு முழுவதும் கண்ணால் கண்டது.

அதன் பின்னர் நடந்த சோதனைகளே இன்றைக்கும் கவனத்துடன் படிக்கத்தக்கவை. 1970களின் பிற்பகுதியில் ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மைய அரசின் நிதியுதவியுடன் அகலமான, உயர்தரமான தனித்தடம் ஒவ்வொன்று அமைக்கப்பட்டது. அத்தடங்களில் கூட்டம் கூடியது, பாதுகாப்பும் உயர்ந்தது. ஆயினும், பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் புதிய தடத்துக்கு மாறியிருந்தார்களே தவிர, புதிதாக மிதிவண்டிக்கு வந்தவர்கள் சிலரே. இதிலிருந்து பாடம் கற்ற டெல்ஃப்ட் நகரம் 1980களில் வேறு வழியை எடுத்தது. நகரைக் குறுக்கும் நெடுக்குமாக இணைக்கும் முதன்மைத் தடங்கள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டருக்கு ஒன்று, வட்டார அளவிலான தடங்கள் 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்று, குடியிருப்புக்குள் அதைவிட நெருக்கமான இணைப்புகள் என்று மூன்று அடுக்குகளாக வலைப்பின்னல் திட்டமிடப்பட்டது. விடுபட்ட இடங்களைச் சிறு பாலங்களும் சுரங்கவழிகளும் இணைத்தன. மிதிவண்டிப் பயணங்களின் பங்கு நகரளவில் உயர்ந்தது இங்கேதான்.

வடக்கே குரோனிங்கன் நகரம் தடமே போடாமல் ஒரு மாற்றத்தைச் செய்துகாட்டியது. மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளம் நகர்மன்ற உறுப்பினர் முன்னின்று நடத்திய திட்டத்தின்படி, 1977 செப்டம்பரில் நகர மையம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் செல்வோர் வெளியே உள்ள சுற்றுச்சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்; நடப்பவரும் மிதிவண்டியில் வருபவரும் நேராகக் கடக்கலாம். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் திட்டம் நிலைத்தது. குறுகிய தூரப் பயணங்களுக்கு மிதிவண்டியே விரைவான வாகனம் என்ற நிலை அங்கே உருவாயிற்று.

டச்சு நாட்டுச் சந்திப்பின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இடப்புறம் செல்லும் நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிச் சொன்னால், மிதிவண்டியில் நேராகச் செல்பவருக்குப் பேராபத்து, தம் பக்கத்திலேயே வந்து இடப்புறம் திரும்பும் லாரியிடமிருந்தே வருகிறது. ஏனெனில் அந்தக் கணத்தில் ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத மூலையில் அவர் இருக்கிறார். இதைத் தவிர்க்கச் சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் கல் கட்டிய சிறு திட்டு ஒன்று அமைக்கப்படுகிறது. அது திருப்பத்தைக் குறுகலாக்குவதால் வண்டி வேகத்தைக் குறைத்தே திரும்ப முடியும். மிதிவண்டி சாலையைக் கடக்கும் இடம், திட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு காரின் நீளம் உள்வாங்கி அமைவதால், திரும்பி முடித்த ஓட்டுநர் தமக்கு நேரெதிரே குறுக்கில் செல்பவரைக் கண்ணாடியின் துணையின்றி நேராகவே பார்க்கிறார்; வழிவிட்டு நிற்பதற்கும் அந்த ஒரு கார் நீள இடம் கிடைத்துவிடுகிறது. சிறு தெருக்கள் பெருஞ்சாலையில் சேரும் இடங்களில் நடைபாதையும் மிதிவண்டித் தடமும் மட்டம் இறங்காமல் தொடர்ந்து செல்ல, கார்தான் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதைப் பலகை வைத்துச் சொல்வதைவிட, தரையின் வடிவத்தாலேயே சொல்லிவிடும் முறை இது.

எல்லாத் தெருவிலும் தனித்தடம் தேவைப்படுவதில்லை. வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாத தெருவில் எல்லோரும் கலந்தே செல்லலாம் என்பது அங்குள்ள வடிவமைப்பு நெறி. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே வண்டியைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. வேக வரம்புக்கு அடிப்படையான கணக்கு இதுவே. வேகம் கூடிய சாலைகளில் மட்டும் செந்நிறத் தார் இட்ட தனித்தடங்கள் வருகின்றன. பயணம் முடியும் இடமும் இந்த வலைப்பின்னலின் ஒரு கண்ணியே என்பதால், உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தும் மூன்றடுக்கு நிலையம் கட்டப்பட்டு, 2019இல் முழுமையடைந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நெதர்லாந்தின் சாலைகள் குறையற்றவையாகிவிடவில்லை. ஆண்டு மொத்தச் சாலை மரணங்கள் 700 அளவுக்குக் குறைந்துவிட்டபோதிலும், அண்மை ஆண்டுகளில் காரில் சென்று இறப்பவர்களைவிட மிதிவண்டியில் சென்று இறப்பவர்களே அதிகம். அவர்களில் பெரும்பங்கினர் முதியோர். மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகள் பெருகியிருப்பது அங்குள்ள திட்டமிடுநர்களுக்குப் புதிய கவலையாகியிருக்கிறது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் சற்று வேறான முறையைக் கையாள்கிறது. அங்கே தடம் நடைபாதையைவிடத் தாழ்வாகவும் சாலையைவிட உயர்வாகவும் இடைப்பட்ட மட்டத்தில் அமைகிறது. நோர்ப்ரோகேட் என்ற நெரிசல் மிக்க சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே கிடைக்கும்படி, காலையில் நகருக்குள் வரும் திசையிலும் மாலையில் வெளியேறும் திசையிலும் நேரம் ஒத்திசைக்கப்பட்டிருக்கிறது. மிதிவண்டி நின்று மீண்டும் கிளம்பும்போதுதான் உடலுக்கு உழைப்பு மிகுதி என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

இவையெல்லாம் குளிர்நாட்டுக்கே பொருந்தும் என்ற வாதத்துக்கு ஸ்பெயினின் செவியா நகரம் தெளிவான மறுமொழி. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வாழும் அந்நகரில் கோடை வெயில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். 2000களின் தொடக்கத்தில் அங்கே மிதிவண்டிப் பயணங்கள் மொத்தத்தில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 1980களிலிருந்தே குரல் கொடுத்துவந்த மிதிவண்டி ஆர்வலர்களின் கோரிக்கையை ஏற்று, நகராட்சிக் கூட்டணி அரசு 2006 முதல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள வலைப்பின்னலை ஒரே மூச்சில் கட்டியது. துண்டு துண்டாக ஆண்டுக்கு ஒரு தெரு என்று அமைத்திருந்தால் ஒவ்வொரு துண்டும் வெறிச்சோடிக் கிடந்து, அதுவே திட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகியிருக்கும். கார் நிறுத்தங்களாயிருந்த ஆயிரக்கணக்கான இடங்கள் எடுக்கப்பட்டு, பச்சை வண்ணம் பூசிய இருவழித் தடங்கள் நடைபாதை மட்டத்தில் அமைக்கப்பட்டன. 2010 வாக்கில் அவற்றின் நீளம் 120 கிலோமீட்டரானது. சில ஆண்டுகளுக்குள் மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு பெருகின. ஒரு பயணத்துக்கான விபத்து வாய்ப்பு குறைந்ததைச் செவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கின்றனர். 2011இல் ஆட்சி மாறி விரிவாக்கப் பணிகள் தளர்ந்ததும், பயணங்களின் வளர்ச்சியும் நின்றுபோயிற்று.

தமிழ்நாடு இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கும் மாநிலம் அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்று, தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் யாரையும் எதிர்பார்க்காமல் புறப்பட்டனர். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு படிப்போர் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பேர் வண்டி பெறுகின்றனர். வண்டியை வழங்குவதில் இத்தனை உறுதி காட்டிய அரசு, அது ஓடும் சாலையில் அதே உறுதியைக் காட்டவில்லை என்பது வேதனைக்குரியது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் செலவிட வேண்டும் என்று வகுத்தது. அதன் பின்னர் சில சாலைகளின் நடைபாதைகள் அகலமாகின, ஆனால் தொடர்ச்சியான மிதிவண்டி வலைப்பின்னல் உருவாகவில்லை.

வலைப்பின்னலை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இந்த மாநிலத்திடம் ஆயத்தமான விடை இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை வண்டி வழங்கப்பட்டது என்பது கல்வித் துறையின் பதிவேட்டில் உள்ள செய்தி. அந்தப் பட்டியலை ஊர் வரைபடத்தின் மேல் வைத்தால், 16 வயதுப் பிள்ளைகள் காலையும் மாலையும் எந்தச் சந்திப்புகளைக் கடக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அச்சந்திப்புகளின் மூலைகளில் கல் கட்டித் திருப்பத்தைக் குறுக்குவதற்கும், கடக்கும் இடத்தை மேடாக்குவதற்கும், பள்ளி நேரத்தில் மிதிவண்டிக்குச் சில வினாடிகள் முன்னதாகப் பச்சை விளக்கு தருவதற்கும் மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே போதும். நகராட்சிப் பொறியாளரும் நெடுஞ்சாலைத் துறையும் போக்குவரத்துக் காவல் பிரிவும் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்தால், ஒரு கல்வியாண்டுக்குள் தொடங்கிவிடக்கூடிய பணி இது.