‘த்ரோயிங் அப்’ என்றால் எறிவதா?

பி.ஏ. வரை இங்கிலீஷிலேயே படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணமாகி லண்டன் போன பிறகு, அந்தக் கர்வம் ஒரே ராத்திரியில் இறங்கியது.

பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. சாயங்காலத்திலிருந்து காய்ச்சல், வாந்தி. இவரோ வெளியூரில். மருத்துவ உதவிக்குப் போன் செய்து, பதற்றத்தில் காய்ச்சலை மட்டும் சொன்னேன்.

“இஸ் ஹி த்ரோயிங் அப்?” என்றார் நர்ஸ். சாமான்களைத் தூக்கி எறிகிறானா என்று கேட்கிறார் போலிருக்கிறது! “நோ, நோ” என்றேன்.

“இஸ் ஹி கீப்பிங் ஹிஸ் மில்க் டவுன்?” பால் புட்டியைக் கீழே வைக்கிறானா என்று எண்ணி, “யெஸ்” என்றேன்!

நல்லவேளை, அவர் போனை வைப்பதற்குள் குழந்தை மறுபடி வாந்தி எடுத்தான். “வாமிட்டிங்!” என்று கத்தினேன். உடனே அழைத்து வரச் சொன்னார். உடம்பில் நீர் வற்றத் தொடங்கியிருந்ததாம். இரண்டு நாளில் தேறிவிட்டான்.

‘த்ரோ அப்’ என்றால் வாந்தி எடுப்பது. ‘கீப் டவுன்’ என்றால் குடித்தது வயிற்றில் தங்குவது.

போனில் மாமியாரிடம் சொல்லி அழுதேன். “நாம மட்டும் என்னவாம்? வாந்தி எடுக்குது, பசி எடுக்குதுங்கிறோமே, எங்கேயிருந்து எதை எடுக்கிறோம்?” என்றார். எவ்வளவு உண்மை! இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்காமல், ஒரே சொல்லாகப் பழக வேண்டும்.

அன்றிலிருந்து சமையலறைக் காலண்டரில் தினம் ஒன்று எழுதினேன்:

* ‘புட் ஆன்’ – உடுத்துவது. ‘புட் அவுட்’ – அணைப்பது. ‘புட் ஆஃப்’ – தள்ளிப்போடுவது. ‘புட் அப் வித்’ – பொறுத்துக்கொள்வது (நமக்குப் பழகியதுதானே!).

* ‘பாஸ் அவுட்’ – படிப்பு முடிந்தால் நம்மூரில் இப்படிச் சொல்கிறோம். டாக்டரிடம் சொன்னாலோ, மயங்கி விழுந்ததாக அர்த்தம். ‘பாஸ் அவே’ – காலமாவது. மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்!

* ‘புட் ஆஃப்’ போன்றவற்றில், ‘அதை’ என்பதற்கான ‘இட்’ நடுவில் வரும். ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘புட் இட் ஆஃப்’ சரி.

இன்னொன்று, சகோதரிகளே. புரியாவிட்டால், “வாட் டஸ் தட் மீன்?” என்று கேட்டுவிடுங்கள். அன்று ராத்திரி நான் கேட்கக் கூச்சப்பட்டது, குழந்தைக்கு அல்லவா ஆபத்தாக முடியப் பார்த்தது!