நனவிலி மனம்

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். பூர்வீக வீட்டை விற்க இசைவு கேட்டு, ஊரிலிருந்து என் தமையனார் எழுதியிருந்தார். "தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள்" என்று விடை எழுதி, உறையில் இட்டு, தபால் தலையும் ஒட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அலுவலகம் செல்லும் வழியில் இரண்டு தபால் பெட்டிகள் உண்டு. ஆயினும், எட்டு நாட்கள் கழித்துக் கோட்டைச் சலவைக்குப் போட எடுத்த என் மனைவிதான் அக்கடிதத்தைக் கண்டெடுத்தாள். "மறந்துவிட்டேன்" என்றேன். "மற்றக் கடிதங்களை நீங்கள் மறப்பதில்லையே!" என்றாள் அவள். அவ்வினாவை ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்த வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் தொடக்ககாலக் கொள்கையைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

கதை பிராய்டிடம் தொடங்கவில்லை. அவருடைய மூத்த நண்பர் ஜோசப் பிராயரிடம் தொடங்குகிறது. 1880-ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது மங்கை ஒருத்தி அவரிடம் மருத்துவத்திற்கு வந்தாள். நோயுற்ற தந்தைக்கு இரவும் பகலும் பணிவிடை செய்துவந்தவள் அவள். அவளுக்கு வலக்கை மரத்துப்போயிற்று, பார்வை தடுமாறியது, ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜெர்மனையே மறந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேசினாள். ஆயினும் உடலில் இதற்குத் தக்க கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஹிஸ்டீரியா என்று அக்காலத்து மருத்துவர்கள் பெயரிட்டு ஒதுக்கிய நோய் இது.

கடுங்கோடையில் ஒருமுறை அவளால் தண்ணீர் அருந்த முடியாமற்போயிற்று. தாகத்தால் வாடுவாள், கோப்பையை ஆவலோடு எடுப்பாள், உதட்டருகே வந்ததும் தள்ளிவிடுவாள். ஏறத்தாழ ஆறு வாரங்கள் பழங்களை உண்டே தாகம் தணித்துக்கொண்டாள். ஒருநாள் அறிதுயிலில் இருந்தபோது, தனக்குப் பிடிக்காத ஆங்கிலத் தோழிப் பெண்ணொருத்தியின் அறைக்குச் சென்றதையும், அங்கே அவளுடைய சிறு நாய் கோப்பையிலிருந்து நீர் குடித்ததையும் அருவருப்போடு விவரித்தாள். மரியாதை கருதி அன்று வாய் திறவாதிருந்தவள், அடக்கி வைத்திருந்த சினத்தையெல்லாம் இப்போது கொட்டித் தீர்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள், தடையின்றிக் குடித்தாள், கோப்பை உதட்டில் இருக்கவே விழித்துக்கொண்டாள்! இம்முறைக்கு 'பேச்சு மருத்துவம்' என்று பெயரிட்டவளும் அவளே. பிராயரும் பிராய்டும் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ.' என்னும் புனைபெயரில் அவள் இடம்பெற்றாள்.

பிராய்டு 1885-இல் பாரிஸ் சென்று, சார்க்கோ என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். ஹிஸ்டீரியாவில் காணும் முடக்கத்தை அறிதுயிலினால் உண்டாக்கவும் போக்கவும் கூடும் என்பதை அங்கே நேரில் கண்டார். எண்ணம் உடலை முடக்குமாயின், அவ்வெண்ணம் நோயாளிக்கே தெரியாதிருப்பது எங்ஙனம்? நாளடைவில் அவர் அறிதுயிலைக் கைவிட்டார். நோயாளியைச் சாய்ந்து படுக்கச் செய்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் விலக்காமல் சொல்லுமாறு கேட்டார். சரளமாகப் பேசிவந்தவர் சட்டென்று ஓரிடத்தில் நிற்பார். "ஒன்றும் தோன்றவில்லை" என்பார். அங்கே ஏதோ ஓர் ஆற்றல் எதிர்த்து நிற்கிறது என்று பிராய்டு கருதினார். நினைவை நனவிலிருந்து முன்பு வெளியேற்றியதும், இப்போது திரும்ப விடாமல் தடுப்பதும் அதுவே. அவ்வெளியேற்றத்தை 'ஒடுக்கல்' என்றும், ஒடுக்கப்பட்டவை உறையும் பகுதியை 'நனவிலி மனம்' என்றும் சொல்லலாம்.

1909-இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றியபோது இதற்கு அவர் எளிய உவமை ஒன்று கூறினார். அவையில் ஒருவன் கூச்சலிடுகிறான். நால்வர் அவனை வெளியே தள்ளிக் கதவருகே நாற்காலிகளைப் போட்டுக் காவல் இருக்கின்றனர். ஆனால் அவன் சும்மா இருப்பானா? வெளியே நின்று கதவை இடிக்கிறான். முன்னையினும் தொல்லை மிகுகிறது. அந்த இடியோசைதான் நோயின் அறிகுறி. அவைத்தலைவர் வெளியே சென்று அவனோடு பேசி, அமைதியாக உள்ளே அழைத்துவருவதே மருத்துவம்.

வெளியே நிற்பவனுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? உடலில் பிறந்து, மனத்தை வேலை செய்யத் தூண்டும் இயல்பூக்கங்களிலிருந்து வருகிறது என்பது பிராய்டின் விடை. தன்னைக் காத்துக்கொள்ளும் ஊக்கம் ஒன்று, பால் ஊக்கம் மற்றொன்று என அவர் தொடக்கத்தில் இரண்டாகப் பகுத்தார். பின்னதன் ஆற்றலுக்கு 'லிபிடோ' என்று பெயர். அது பருவம் எய்தியபின் திடீரெனத் தோன்றுவதன்று, குழவிப் பருவத்திலேயே உண்டு என்று 1905-இல் அவர் எழுதியபோது எழுந்த கண்டனம் சிறிதன்று. வேட்கை ஒருபுறம் உந்த, நாணமும் ஒழுக்கமும் மறுபுறம் தடுக்க, இரண்டுக்கும் இடையே ஏற்படும் சமரசமே நியூரோசிஸ் என்னும் உளநோய். கனவும், வாய்தவறி வரும் சொல்லும், மறதியும் அத்தகைய சமரசங்களே. ஆகவே நோயாளிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் அன்று.

இவையெல்லாம் ஐயமற்ற உண்மைகளா? அவ்வாறு சொன்னால் நான் நேயர்களுக்கு நேர்மையாக நடந்தவனாகேன். அன்னா முற்றும் நலமடைந்தாள் என்றே நூலைப் படித்தவர்கள் கருதினர். ஆனால் பிராயரின் மருத்துவம் முடிந்த 1882-ஆம் ஆண்டிலேயே அவள் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டாள் என்பது பிற்கால ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. நோயின் வேர் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பால்வன்முறையே என்று முதலில் கருதிய பிராய்டு, 1897-இல் அதைப் பொதுவிதியாகக் கொள்வதைக் கைவிட்டு, ஆசைக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்தார். அதனால் உண்மையாகவே கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் சொல் நம்பப்படாமற் போயிற்றே என்று குறைகூறுவோர் உளர். எதைக் கூறினாலும் தனக்குச் சான்றாக்கிக்கொள்ளும் கொள்கையைச் சோதிப்பது எங்ஙனம் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் வினவினார். கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸும், பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தபோதே தம் மாறுபட்ட கருத்துக்களை அவருக்கு எடுத்தெழுதினார்.

ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. 'பாசாங்கு' என்று பலர் எள்ளிய நோயாளியின் அருகே அமர்ந்து, அவர் பேச்சுக்குப் பொருள் உண்டு என்று நம்பிக் காதுகொடுத்துக் கேட்கும் வழக்கத்தை அந்த வியன்னா மருத்துவர்கள் நமக்கு விட்டுச்சென்றனர். அன்னாவும் நோயாளியாகவே மறைந்துவிடவில்லை. பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் தம் இயற்பெயரில், ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாடுபட்டார். 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1954-இல் மேற்கு ஜெர்மனி அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

தபால் தலை என்றதும் என் கடிதம் நினைவுக்கு வருகிறது. அதை நான் அனுப்பவில்லை. கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். "அண்ணா, அம்மா இருந்து மறைந்த வீடு அது, விற்க எனக்கு மனம் வரவில்லை" என்று அதில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, தம்பி, ஆனால் பெண்ணின் கல்யாணத்திற்கு வேறு வழியில்லை" என்று விடை வந்தது. வீட்டை விற்றோம். முதற்கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் விற்றுத்தான் இருப்போம். ஆனால் அப்போது என் மனத்தில் தமையனார்மீது காரணம் தெரியாத ஒரு கசப்பு தங்கியிருக்கும். எல்லா மறதிக்கும் உட்பொருள் உண்டு என்று நான் வாதிட வரவில்லை. மறந்ததைக் கண்டு வெட்கப்பட்டு நின்றுவிடாமல், ஏன் மறந்தோம் என்று ஒரு கணம் நம்மையே கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து.