சொட்டும் குழாயும் சுண்ணாம்புப் பாறையும்

வீடு அடங்கிய பின்னர் அடுக்களைக் குழாயிலிருந்து விழும் துளியின் ஓசையைக் கேட்டிராதவர் எம்மில் யாருளர்? விநாடிக்கு ஒரு துளியாயின் நாளொன்றுக்கு 86,400 துளிகள். கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு உறங்கப் போகிறோம். காலையில் அந்நீரைப் பூங்கன்றுக்கு ஊற்றி மனம் ஆறுகிறோம். இப்படியே மாதங்கள் கழிகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்த அசட்டைக்கு விலை பெரிது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. மாரிமழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி, அடியிலே கிடக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் சற்றே பாரமானது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்தின் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டது இது. இதைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறிவர வழி பிறக்கிறது.

சிந்திய நீர் மறுபடியும் நிலத்துக்குத்தானே போகிறது என்று கெட்டிக்கார மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். போகிறதுதான், ஆனால் வெறுங்கையோடு போவதில்லை. கழிவுக்குழியினூடு இறங்கும்போது நைத்திரேற்றையும் உடன்கொண்டே போகிறது.

துலாவிலே நீர் அள்ளிய நாட்களில் ஒவ்வொரு வாளியின் பாரத்தையும் கை அறிந்திருந்தது. அச்சுலக்கை கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டார்கள்; துலாக்கொடி நைந்தால் உடனே மாற்றினார்கள். நைந்த கொடி நடுவிலே அறுந்தால் வாளி கிணற்றுக்குள் அல்லவா போய்விடும்! மின்பம்பி வந்தபின் அப்படி உடனே தண்டிக்கும் பழுது எதுவுமில்லை. தாங்கி நிரம்பி வழிவதை அயல்வீட்டார் கூப்பிட்டுச் சொன்னாற்றான் தெரிகிறது.

திருகு குழாயின் பழுது பெரும்பாலும் சதக்காசளவான ஓர் இறப்பர் வோசரிலேதான் இருக்கிறது. சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்கித் திருகுவதால் அது மேலும் நசியும். சிலர் குழாயின் வாயிலே துணியைக் கட்டிவிடுவர். ஓசை நிற்கும், ஒழுக்கு நிற்பதில்லை. தாங்கியிலிருந்து வரும் வழியை முதலில் அடைத்து, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட்டு, தலையைக் கழற்றி, பழைய வோசரை எடுத்துவிட்டுப் புதியதை இடவேண்டும். அதற்குமுன் அது அமரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது நன்று. எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு அங்கே வெள்ளைக் கல்லாகப் படிந்திருந்தால் புதிய வோசரும் விரைவிலே கிழிந்துபோகும். தேசிக்காய்ப் புளியிலே நனைத்த துணியைச் சிறிதுநேரம் வைத்திருந்து தேய்த்தால் அந்தக் கல் இளகிவிடும்.

இதே சுண்ணாம்பு, கோடையிலே எமக்குத் தண்ணீர் குளிரவைத்துத் தரும் மண்கூசாவின் தொழிலையும் கெடுத்துவிடுகிறது. கூசாவின் நுண்துளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. துளைகளைக் கல் அடைத்துவிட்டால் கசிவுமில்லை, குளிர்ச்சியுமில்லை. கூசா பழசாகிவிட்டதென்று எறிந்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடுகிறோம். சவர்க்காரம் இடாமல் (மண் அதன் மணத்தையும் குடித்துவிடும்) தேங்காய்த் தும்பினாலே உள்ளும் புறமும் தேய்த்து, இரண்டு நாள் வெயிலிற் காயவைத்து, மீண்டும் நீர் நிரப்பிப் பாருங்கள். மாலைக்குள் கூசாவின் வயிறு வியர்க்கத் தொடங்கும்.