வாசல் அடுப்பும் மேல்காற்றும்

மண்ணும் கையும் – 11

போன வாரம் தானியம் கொட்டிவைக்கிற குலுக்கையைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தத் தானியத்தை வேகவைக்கிற இடத்துக்கு வருவோம்.

குளிர்நாட்டுக்காரர்கள் தோட்டத்தில் கணப்பு கட்டுவது சுற்றி உட்கார்ந்து குளிர்காய. சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மார்கழிப் பனிக்கு அவ்வளவு நெருப்பு தேவைப்படாது. இங்கே வீட்டுக்கு வெளியே நெருப்பு மூட்டுவதெல்லாம் காரியத்துக்காகத்தான். புறவாசலில் வெந்நீர் அடுப்பு, களத்தோரம் நெல் அவிக்கிற அடுப்பு, தைப் பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கட்டிகள், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தரையைத் தோண்டி அமைக்கிற கோட்டை அடுப்பு. எரிவாயு வந்த பிறகு சமையலறை அடுப்பு போய்விட்டது. வாசல் அடுப்பு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அண்டா நிறைய வெந்நீர் போட யாரும் சிலிண்டரைக் கரைக்க மாட்டார்கள்.

இதில் பொங்கல் கட்டி நெல்லைச் சீமைக்கே உரியது. களிமண்ணைப் பிசைந்து, கனமான கட்டிகளாகத் தட்டி, காயவைத்து, சுண்ணாம்பும் காவியும் பூசுவார்கள். மூன்றை முக்கோணமாக வைத்தால் அடுப்பு ஆயிற்று. எரிப்பதற்குப் பனையோலை. அழகுக்கு இதற்கு இணை கிடையாது. சிக்கனத்தில்தான் குறை. மூன்று பக்கமும் திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் பானைக்குள் போகும். மிச்சம் காற்றோடு போய்விடும். வருஷத்தில் ஒருநாள் என்றால் பாதகமில்லை. தினசரி அடுப்புக்கு அது கட்டாது.

எனவே கட்டத் தொடங்குமுன் மூன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: காற்று, விறகு, பானை.

முதலில் காற்று. சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்று மட்டும் கணவாய் வழியாக இறங்கிவரும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். கிழக்கு பார்த்து நின்று சமைப்பது நம் வழக்கம். அப்படி நின்றால் அடுப்பின் வாய் மேற்கே இருக்கும். ஆடி மாதம் காற்று நேரே வாய்க்குள் புகுந்து விறகைத் தின்று, தணலை வெளியே வாரி இறைக்கும். வாயைக் கிழக்கே திருப்பினாலோ புகை முழுக்க உங்கள் முகத்தில். ஆகவே வாய் தெற்கு பார்க்கட்டும், மேற்கே ஒரு மறைப்புச் சுவர் இருக்கட்டும். கிழக்கு பார்த்துத்தான் நிற்பேன் என்றால் முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும். எப்படியானாலும் அடுப்புக்குக் கிழக்கே வைக்கோல் படப்பு கூடாது. பொறி பறப்பது அந்தத் திசையில்தான்.

அடுத்தது விறகு. பருத்திமாரும் சோளத்தட்டையும் பொசுக்கென்று எரிந்து தீரும், ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அகலமான வாய் வேண்டும். பனைமட்டைக்கும் அப்படியே. சீமைக்கருவேல் நின்று எரியும். அதற்கு அரைச் சாண் வாய் போதும். வாய் பெரிதாகப் பெரிதாகக் குளிர்ந்த காற்று அளவுக்கு மீறி உள்ளே போய் நெருப்பின் சூட்டைக் குறைத்துவிடும். எந்த விறகானாலும் காய்ந்திருக்க வேண்டும். அன்று வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். பானைத் தண்ணீரைச் சுடவைக்குமுன் விறகுக்குள் இருக்கிற தண்ணீரை ஆவியாக்கியே நெருப்பு களைத்துவிடும். புகை வருவதும் அதனால்தான்.

கடைசியாகப் பானை. எந்தப் பாத்திரம் தினமும் ஏறுமோ அதைத் தரையில் கவிழ்த்து வட்டம் போடுங்கள். அதைச் சுற்றித்தான் சுவர் எழும்ப வேண்டும். வீட்டுப் பானை என்றால் அடுப்பின் தரைக்கும் பானையின் அடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. விளிம்பில் மூன்று குமிழ்கள், ஒரு விரல் உயரம். குமிழ் உயர்ந்தால் சுவாலை வெளியே ஓடும், தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். விறகை வெறும் தரையில் போடாமல் நாலைந்து பழைய இரும்புக் கம்பிகளின் மேல் அடுக்கினால், அடியில் காற்று புகுந்து தணல் நன்றாகக் கனலும். சாம்பலும் தானே கீழே உதிரும்.

இனி மண். வெறும் கரிசல் அடுப்புக்கு ஆகாது. காய்ந்தால் வயல்போலவே பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணும் மணலும் கூளமும் சேர்க்க வேண்டும். புற்றுமண் கிடைத்தால் விசேஷம், நயமானது, பிடிப்புள்ளது. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் பிரசாதமாகத் தருவதும் புற்றுமண்ணே. பிசைந்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள், உதிர்ந்தால் மண்ணைக் கூட்டுங்கள். செங்கல் வைத்துக் கட்டினாலும் இதே மண்தான் சாந்து. சூளையில் வெந்த செங்கலுக்கு அடுப்புச் சூடு புதிதில்லை. சிமெண்டு அதைத் தாங்காது. ஈரமேறிய ஆற்றுக்கல்லையும் உள்ளே வைக்காதீர்கள், சூட்டில் தெறிக்கும். மழைத் தண்ணீர் ஏறாதபடி ஒரு செங்கல் உயரம் மேடை போட்டு, அடியில் சாம்பல் பரப்பிக்கொள்ளுங்கள். சூடு தரைக்குள் இறங்காது. கட்டியதும் நிழலில் உலரவிட்டு, சின்ன நெருப்பாகப் போட்டுப் பழக்குங்கள்.

அடுப்பைத் திருத்தப் பெரியவர்கள் பலர் முயன்றிருக்கிறார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா செயலாளராக இருந்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், வார்தா மகன்வாடியில் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை உருவாக்கியது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1953இல் புகையில்லா அடுப்புக்கென்றே புத்தகம் எழுதினார். 1980களில் அமெரிக்கர் லாரி வினியார்ஸ்கி, கனத்த சுவரே சூட்டைக் குடித்துவிடுகிறது, உள்சுவர் இலேசாகவும் சூட்டைக் கடத்தாததாகவும் இருக்க வேண்டும் என்றார். மண்ணோடு உமியும் சாம்பலும் கலப்பதில் இந்தப் பலன் ஓரளவு கிடைக்கும்.

இந்திய அரசும் 1983இல் தேசியத் திட்டம் போட்டது. 2002இல் நிறுத்துவதற்குள் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகள் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலானவை நிலைக்கவில்லை. புகைபோக்கி அடைத்தது, வாய் உடைந்தது, பழுது பார்க்க ஆளில்லை. ஊருக்கு ஊர் விறகு வேறு, பானை வேறு, காற்று வேறு. அடுப்பு மட்டும் ஏறக்குறைய ஒரே அச்சில் வந்தது. முன்பு குமிழ் தேய்ந்தால், மறுநாள் சாணி மெழுகும்போதே மண்ணை அப்பிச் சரிசெய்தவர் வீட்டுப் பெண். அந்தக் கையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கட்டத் தெரிந்தவரிடம்தான் அடுப்பு நிலைக்கும்.

ஆடிக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குமுன் கட்டி முடித்தால் மண் நன்றாகக் காயும். பானையை அளந்துகொள்ளுங்கள், காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் தெருவில் வயதான ஆச்சி யாரையாவது அழைத்துக் காட்டுங்கள். சிமெண்டு மூட்டையை மட்டும் தொடாதீர்கள்.

(அடுத்த வாரம்: திண்ணை)